ஆளில்லாமல் இறுகிய முடிச்சு

நான் சாரம் கட்டுகிறவன். மைசூரில் எழும்பும் கட்டடங்களுக்குக் கழியும் கயிறும் வைத்து இருபது வருடமாகக் கட்டுகிறேன். இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். முடிச்சைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

கூடவே சித்தாள் வேலை செய்த என் மனைவிக்குச் சாரத்திலிருந்து விழுந்து முதுகு போயிற்று. அவள் நின்ற பலகையைக் கட்டியது நான். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அவளால் தரையிலும் படுக்க முடியவில்லை, கட்டிலிலும் முடியவில்லை. நான்கு மாதம் சுவரில் சாய்ந்தே கிடந்தாள். தொங்குகிற படுக்கையில் வளைந்து படுத்தால் வலி தெரியாது என்று கூட வேலை செய்பவன் சொன்னான். காட்டுக்குப் போகிறவர்கள் மரத்தில் கட்டும் துணி ஊஞ்சல் ஒன்றை மண்டி மொஹல்லா கடைத்தெருவில் வாங்கினேன். கூடக் கொடுத்த கொக்கி வாய் திறந்து கிடந்தது.

"யானையே படுக்கலாம் அண்ணா," என்றான் கடைக்காரன்.

"யானைய நீ வச்சுக்கோ. என் பொண்டாட்டி படுக்கணும். வாய் மூடுற கொக்கி குடு."

எங்கள் ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு புங்க மரங்கள். பட்டை அறுபடாமலிருக்க அகல நாடாவைச் சுற்றினேன். கயிற்றை இரட்டையாக மடித்து முடிச்சுப் போட்டு, அந்தக் கண்ணியில் கொக்கியை மாட்டினேன். இந்த முடிச்சை எடை ஏறாதவரை விரலாலேயே அவிழ்க்கலாம். ஆள் ஏறிப் படுத்துவிட்டால் கடித்துக்கொள்ளும். பிறகு ஆணி வைத்துத்தான் நெம்ப வேண்டும்.

கட்டி முடித்த பிறகுதான் உயரம் அதிகம் என்று தெரிந்தது. அவளால் ஏற முடியாது. மத்தியானம் இறக்கிக் கட்டலாம் என்று வேலைக்குப் போனேன். திரும்பி வந்து தொட்டால் முடிச்சு கல்லாக இருந்தது.

"எவன் இதுல படுத்தது?" என்று கத்தினேன்.

"யாரும் வரலீங்க. நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்," என்றாள் ஷெட்டுக்குள்ளிருந்து.

நெம்பி அவிழ்த்து, ஒரு முழம் கீழே கட்டினேன். மறுநாள் வேலைக்குப் போகாமல் மரத்தடியில் உட்கார்ந்தேன். உச்சி வெயில். ஓர் இலைகூட அசையவில்லை. கொக்கி ஒருமுறை முனகியது. வெறும் துணி மெதுவாகக் கீழே இறங்கியது. தலை வைக்கும் இடம் குழிந்தது, பிறகு முதுகு, கடைசியாகக் குதிகால். கயிறு விறைத்தது. என் கண்ணெதிரே முடிச்சு இறுகியது.

கயிற்றை அறுக்கப் பிளேடை எடுத்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"அறுக்காதீங்க."

"புத்தி கெட்டுப்போச்சா? உள்ள என்னமோ படுத்திருக்குதுடி!"

"படுத்திருக்கட்டும். அன்னைக்கு உங்க முடிச்சு இப்பிடி இறுகியிருந்தா நான் விழுந்திருப்பனா?"

பிளேடைக் கீழே போட்டேன்.

"புடிங்க, நான் படுக்கறேன்."

தூக்கிப் படுக்க வைத்தேன். ஓரமாக ஒதுங்கிப் படுத்துக் கண்ணை மூடியவள் பொழுது சாயும்வரை எழவில்லை. நான் கொக்கியைப் பார்த்தபடியே நின்றிருந்தேன்.

"ஏன் அப்பிடி ஓரமாப் படுத்தே?" என்று இறக்கிவிடும்போது கேட்டேன்.

"எடம் வேணுமில்லீங்க," என்றாள்.

இப்போது தினமும் அதில்தான் தூங்குகிறாள். நான் முடிச்சை அவிழ்ப்பதில்லை. அவள் இறங்கிப் போன பிறகும் கயிறு தளர்வதில்லை.