கண்காட்சி வாசலில் சரோஜாவுக்காகக் காத்திருந்தேன்

சரோஜா இறந்த அன்று நான் பெங்களூரில் பூ பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எங்கள் காவலூர் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதியிருக்கிறார்கள்.

தவறு. நான் ஒரு பூவைக்கூடப் பார்க்கவில்லை. கண்காட்சி வாசலில், வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். அவளுக்காக.

ஆதாரம் என்று ஒரு போட்டோ வேறு சுற்றுகிறது. அது போன வருடத்துப் படம், என் தங்கை பேத்தி போட்டது. நன்றாகப் பாருங்கள்... என் தோளில் ஒரு கை தெரியும். சரோஜாவின் கை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஃபேன்ஸி ஸ்டோர் வைத்திருந்தவள் சரோஜா. போன செவ்வாய்க்கிழமை காலை, கடை வாசலிலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

இதை எழுதுவதற்குள் நான்கு முறை எழுந்து நடந்துவிட்டேன். டீ போட்டேன், குடிக்க மறந்துவிட்டேன்.

பெங்களூர் பூக்கண்காட்சிக்கு வருடா வருடம் நாங்கள் இருவரும் போவோம். நான் முந்தின நாளே தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன். அவள் கடையை ஒரு நாளுக்கு மேல் மூட மாட்டாள். விடியற்காலை முதல் பஸ்ஸில் மலை இறங்கி, வாணியம்பாடியில் ரயில் பிடித்து நேராகக் கண்காட்சி வாசலுக்கு வந்துவிடுவாள்.

முதல் வருடம் உருண்டை உருண்டையாகப் பூத்திருந்த ஹைட்ரேஞ்சியாவைக் காட்டி, "இன்னா மேடம், காலிஃபிளவர கலர் அடிச்சி வெச்சிக்கிறான்?" என்று உரக்கக் கேட்டாள். வரிசையே திரும்பிப் பார்த்தது. நான் பெயரைச் சொல்லித் திருத்தினேன்.

"அதான் போர்டுல எயுதிக்கிதே மேடம். உங்க மூஞ்சி எப்டி போவுதுன்னு பாக்கத்தான் கேட்டேன்."

என்னிடம் அப்படிப் பேசும் தைரியம் நான் குடியிருக்கும் ஊழியர் குவார்ட்டர்ஸில் யாருக்கும் கிடையாது.

இன்னொரு வருடம், ரோஜாவாலேயே கட்டிய மாளிகைக்கு முன்னால் கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டிவிட்டாள். வாட்ச்மேன் விசில் அடித்தார். "நெஜப் பூவா இன்னான்னு பாத்தேன்பா. நான் பிளாஸ்டிக் பூ விக்கிறவ, எனக்கு டவுட்டு வராதா?" அவரே சிரித்துவிட்டார்.

என் கணவர் காலமான வருடம், ஆறு மாதம்கூட ஆகவில்லை, என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "கெளம்புங்க மேடம். வூட்டுக்குள்ளயே எத்தினி நாளு சொவத்த பாத்துனு குந்தினு இருப்பீங்க?"

வருஷம் திரும்பாமல் திருவிழா, கண்காட்சி என்று போகக் கூடாது என்பது இங்கே வழக்கம். பக்கத்து வீட்டு அம்மா அதை என் காதுபடவே சொன்னார். நான் பதில் சொல்வதற்குள் சரோஜா முந்திக்கொண்டாள்.

"பூவ பாக்கத்தான் போறாங்க. தலையில வெச்சிக்கவா போறாங்க?"

போனேன். எல்லாப் பூவையும் பார்த்தேன். திரும்பும்போது ரயிலில் நன்றாகத் தூங்கினேன், பல மாதங்களுக்குப் பிறகு...

போன ஆடியில் சரோஜாவின் கணவர் தவறிவிட்டார்.

இந்த வருடம் நான் அவள் கடைக்குப் போய்க் கூப்பிட்டேன். ஹேர் கிளிப்பை அட்டையில் குத்திக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள். "நான் வர்ல மேடம். வருஷம் திரும்பட்டும்."

அன்று எனக்காக அவள் சொன்னதை நினைவுபடுத்தினேன்.

"உங்களுக்கு சரிங்க. நீங்க வூட்டு கேட்ட சாத்தினா ஊரு பேசறது உள்ள வராது. நான் ரோட்டுல கட வெச்சிக்கிறேன். வளையல் வாங்க வர்றவ எல்லாம் கேப்பா."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை.

"நான் வழக்கம்போல வாசலில் நிற்பேன். வந்தால் வா" என்றேன். ஊரார் சொல்வதுபோல் அது சண்டை இல்லை. நான் கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை.

"இன்னா மேடம் நீங்க..." என்று சிரித்தாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் மறுபடி சொல்லவில்லை.

ஆகவே நின்றேன். அவள் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. உள்ளே போனவர்கள் எல்லாம் திரும்பியும் வந்துவிட்டார்கள், நான் அதே வெயிலில். மத்தியானம்தான் எனக்குச் செய்தி வந்தது. கிடைத்த ரயிலைப் பிடித்து, வாணியம்பாடியிலிருந்து கார் வைத்துக்கொண்டு மலையேறினேன். நான் வந்து சேர்ந்தபோது எடுத்துவிட்டார்கள். வீட்டு வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரம் காயவில்லை.

அன்றிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

விழுந்தபோது கடை ஷட்டர் பாதியில் நின்றதாம். திறந்துகொண்டிருந்தாள் என்கிறார் பால் ஊற்றுகிறவர். இல்லை, உள்ளே எதையோ எடுத்துவிட்டு மூடிக்கொண்டிருந்தாள், மலை இறங்கும் முதல் பஸ் புறப்படத் தயாராக நின்றிருந்தது என்கிறார் டீக்கடைக்காரர். இருவருமே சத்தியம் செய்கிறார்கள். இருவரும் பார்த்தது தூரத்திலிருந்து.

சரோஜா... போய் வா. வாட்ச்மேன் யாராவது விசில் அடித்தால் அடிக்கட்டும்.

கவிதா, நீ என் ஃபோனை எடுப்பதில்லை. ஊர்ப் பேச்சைக் கேட்டபின் எடுக்கத் தோன்றாதுதான். ஆனால் அன்று காலை உன் அம்மா புறப்பட்டபோது வீட்டில் இருந்தவள் நீ ஒருத்திதான். கடை திறக்கப் போனாளா, என்னிடம் வரக் கிளம்பினாளா?

எனக்காக மாற்றிச் சொல்ல வேண்டாம். உள்ளதை ஒரு வரியில் எழுதி அனுப்பு.