சித்தியின் காய்ச்சல்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இரண்டு பேராகத்தான் மடிப்பார்கள். ஒருத்தி வராவிட்டால் மற்றவள் தனியாக மல்லுக்கட்ட வேண்டும். என் சித்தி அடிக்கடி வராமல் போவாள். மற்றவர்கள் இருமிக்கொண்டே நடமாடித் தீர்க்கிற சளிக்காய்ச்சல், அவளை வாரக்கணக்கில் படுக்கையில் தள்ளிவிடும்.

அவளுடைய ஜோடி நல்ல ஆகிருதி. எல்லோருக்கும் அவள் ‘ராணுவம்’. சித்தி திரும்பி வரும்போதெல்லாம், “வாங்க நடிகையம்மா! இந்தத் தடவை படம் நல்லா ஓடுச்சா?” என்பாள். கூடமே சிரிக்கும். சித்தியும் சிரித்துக்கொண்டே விரிப்பின் நுனியைப் பிடிப்பாள்.

போன முறை மூச்சுத்திணறி அவசரப் பிரிவு வரை போய்வந்த பிறகு, என்னிடம் கேட்டாள்: “ஏண்டி, படிச்சவ நீ சொல்லு. எனக்கே சந்தேகமா இருக்கு. வேலைக்குப் பயந்து நானே நடிக்கிறேனோ?”

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். வைரஸ் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். எங்கள் ஆய்வுக்கூட மருத்துவரிடம் அவளை அழைத்துப் போனேன். கையிலிருந்து துளித் தோல் எடுத்தார்கள். அதில் வளர்ந்த செல்களுக்கு நானே ஊட்டத் திரவம் மாற்றினேன்.

வைரஸ் செல்லுக்குள் நுழைந்தால் ஒரு நொதி அதை மோப்பம் பிடித்து இன்னொரு நொதியை எழுப்பும். எழுந்தது வைரஸின் ஆர்.என்.ஏ. இழைகளை நறுக்கிப்போடும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த விஷயம்தான். நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் உறைத்தது. வைரஸை விட்ட பிறகும், நோயில்லாத வேறொருவரின் செல்கள் தட்டோடு ஒட்டி நின்றன. சித்தியுடையவை உருண்டு, கழன்று, மிதந்தன. நறுக்கும் நொதி அவளிடம் வேலை செய்யவில்லை. அந்த நொதியைச் சரிசெய்து கொடுத்தபோது தட்டிலிருந்த அவளுடைய செல்களும் தாக்குப்பிடித்தன; உடம்பில் அப்படிச் செய்ய இன்னும் வழியில்லை.

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. சித்தி பொய் சொல்லவில்லை என்பதற்கா, சோதனை பலித்ததற்கா? இன்றும் எனக்கு நிச்சயமில்லை. ஏனென்றால் மருத்துவர் அடுத்ததாகச் சொன்னது, நோயாளிகளின் அழுக்குத் துணி இருக்கும் இடத்துக்கே அவள் இனிப் போகக்கூடாது என்பது. சலவைக்கூடத்தில் வேறென்ன இருக்கிறது?

சித்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “அப்போ நான் நடிக்கலையா?”

“இல்ல சித்தி.”

“அதை ராணுவத்துகிட்ட வந்து சொல்லு. வேலை போனாப் போகுது.”

சலவைக்கூட வாசலிலேயே நின்று சொன்னேன். “உள்ள வர்ற கிருமிய வெட்டுற கத்திரி மாதிரி ஒண்ணு எல்லார் உடம்புலயும் இருக்கும்கா. சித்தி உடம்புல அது வெட்டாது.”

ராணுவம் சித்தியை மேலும் கீழும் பார்த்தாள். “இப்படியொரு உடம்ப வச்சுக்கிட்டா இத்தன வருஷம் இந்த அழுக்க அள்ளுன? சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

“எனக்கே தெரியாதே.”

ராணுவம் உள்ளே போய், வெளுத்து உலர்ந்த விரிப்பொன்றை எடுத்துவந்தாள். “இதத் தொடலாமாம்மா?” என்று என்னிடம் கேட்டாள். தொடலாம் என்றேன்.

ஒரு நுனியைச் சித்தியிடம் கொடுத்தாள். இருவரும் உதறி, இழுத்து, மடித்தபடி நெருங்கி வந்தார்கள். சித்தியின் கையிலிருந்த முனைகளை அவள் வாங்கிக்கொண்டாள்.

“போ. நாளைக்கு உன்ன இங்க பார்த்தேன், உதைதான்.”

சித்தி இந்த முறை சிரிக்கவில்லை. ராணுவமும்தான்.