எதிரே வந்தவர்களுக்கெல்லாம் கை காட்டிய தேவி அக்கா

சிட்னியின் கிரவீனிலிருந்து தேவி அக்காவின் மகள் சுகன்யா கூப்பிட்டபோது நான் மெல்பர்னின் பொயிண்ட் குக்கில், மகளின் பள்ளி வாசலில், காரை நிறுத்த இடம் கிடைக்காமல் ஊரையே திட்டிக்கொண்டிருந்தேன். "அம்மா மோசம் போயிட்டா அன்ரி. ஸ்லீப்லயே உயிர் போயிட்டுது. முதல்ல உங்களுக்குத்தான் எடுத்தனான். அம்மா உங்களை றோட் ஃபிரெண்ட் எண்டுதான் சொல்லுவா," என்றாள். பின்னால் ஒருவர் ஹார்ன் அடித்தார். அடிக்கட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தேவி அக்காவைச் சிட்னிக் கோயிலிலும் கல்யாண வீடுகளிலும் அறிந்தவர்கள், இந்த அஞ்சலியைப் படிக்கும் நீங்கள். நான் அறிந்த அக்கா வேறொரு சாலையில் இருந்தார். ஆஸ்திரேலியாவின் வடக்கு முனையான டார்வினிலிருந்து தெற்கே இறங்கும் நெடுஞ்சாலை அது. இருபுறமும் மெலிந்த மரங்கள், கரையான் புற்றுகள், மழை முடிந்தால் ஆளை மறைக்கும் புல். மணிக்கணக்கில் போனாலும் ஒரு வீடு தென்படாது. அங்கே ஒரு சிறிய ஊரின் மருத்துவமனையில் இருவரும் நர்ஸ்கள். நான் பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, கிடைக்கும் என்று கும்பகோணத்திலிருந்து போனவள். இலங்கையிலிருந்து சிட்னிக்கு வந்து குடியேறிய அக்கா அங்கே ஏன் வந்தார் என்று கேட்டால், "சிட்னியில ட்ராஃபிக் கூடிப்போச்சு" என்பார்.

வாரம் ஒருமுறை தெற்கே ஒரு கிராமத்துக் கிளினிக்குக்குப் போவோம். முதல் பயணத்தில் நான் இட்லி மாவு அரைத்து, டப்பாவை இறுக மூடி, கார் டிக்கியில் வைத்தேன். அந்த வெயிலில் பாதி வழியிலேயே மூடி பட்டென்று தெறித்து மாவு பொங்கி வழிந்துவிட்டது. அக்கா இறங்கிப் பார்த்தார். "உங்கட ஆக்களுக்கு இட்லி இல்லாட்டி ரெண்டு நாள் சீவிக்கேலாதோ? புட்டு மா பார், சத்தம் போடாமக் கிடக்கு." அரசாங்கக் கார் பல நாள் புளிச்ச வாடை அடித்தது. அதற்கு அக்கா சொன்ன காரணங்களை மேலதிகாரி எப்படி நம்பினார் என்று எனக்கு இன்றும் தெரியாது.

அந்தச் சாலையில் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார்கள். அவ்வளவுதான் வணக்கம். அக்கா ஒருவரையும் விடமாட்டார். நான் பேசிக்கொண்டிருந்தாலும், "பொறு பிள்ளை, லொறி வருது" என்று விரலைத் தூக்குவார். எனக்கு அந்த ஒற்றை விரல் வணக்கம் அங்கிருந்தவரை வரவில்லை. முழுக்கையையும் ஆட்டுவேன். "ஆரையும் ரயில் ஏத்தி விடுறியோ?" என்று கேலி செய்வார். தெரியாதவர்களுக்கெல்லாம் எதற்குக்கா என்றால், "காட்டு. கை என்ன தேய்ஞ்சா போகும்?" என்பார்.

ஒருநாள் அக்காவுக்கு மருத்துவமனையில் வேலை. நான் தனியாகப் போனேன். ஆற்றுப் பாலம் தாண்டிச் சற்று தூரத்தில் மாடு ஒன்று குறுக்கே வந்தது. திருப்பினேன். கார் சரிவில் உருண்டு புல்லுக்குள் விழுந்தது. கால் உள்ளே மாட்டிக்கொண்டது. போனில் சிக்னல் இல்லை. மேலே வண்டிகள் போகிற சத்தம் கேட்டது, கத்தினேன், யாருக்கும் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டில் பின்சீட்டில், கைக்கு எட்டாமல் கிடந்தது. அப்போது கும்பகோணத்தில் இருந்த என் மகளை இனிப் பார்க்கமாட்டேன் என்றே நினைத்தேன்.

நான் வந்து சேரவில்லை என்று கிளினிக்கிலிருந்து தகவல் போனதும் அக்கா போலீசுக்குச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஊர் எல்லையில் லாரிகள் டீசல் போட நிற்கும் ரோட்ஹவுஸுக்குப் போய், தெற்கிலிருந்து வந்த ஒவ்வொரு டிரைவரையும் மறித்துக் கேட்டார். ஒருவர் சொன்னாராம்: வெள்ளைக் கார், நெற்றியில் பொட்டு, தன் சொந்தக்காரரைக் கண்டதுபோல் கையை ஆட்டினாள், பாலம் தாண்டியதும்தான். அவருக்குப் பின்னால் வந்தவரோ அப்படி ஒரு காரையே பார்க்கவில்லை. அக்காவுக்கு அது போதும்: இந்த இரண்டு லாரிகளுக்கும் இடையில், பாலத்தை ஒட்டித்தான் கார் விழுந்திருக்க வேண்டும். பாலத்திலிருந்து புல்லை விலக்கிக்கொண்டே, "பிள்ளை! பிள்ளை!" என்று கூப்பிட்டு வந்தார். வெயில் இறங்குவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்.

என்னைப் பார்த்ததும் முதலில் நன்றாகத் திட்டினார். பிறகு தண்ணீரை வாயில் ஊற்றியபடியே அழுதார். "கால் முறிஞ்சது சுகமாகும். கை காட்டக் கை இருக்குத்தானே," என்றார்.

கட்டுப்போட்டுப் படுத்திருந்தபோது, "எப்படிக்கா அப்படிக் கேட்கத் தோணுச்சு?" என்று கேட்டேன். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்ர தம்பி சண்டைக்குள்ள சைக்கிளில வெளிக்கிட்டவன். வன்னி றோட்டில எத்தினை சனம் போய் வந்தது. ஒருத்தரும் அவனைக் கண்டனான் எண்டு சொல்லேல்லை. அம்மா படலையில நிண்டு போறவை வாறவையைக் கேட்டுக் கேட்டே செத்தவ." என் காலுக்கடியில் தலையணையைச் சரிசெய்தார். "அதுதான் பிள்ளை, ஆரைக் கண்டாலும் கையைக் காட்டிறது. நானும் அவையைக் கண்டனான், அவையும் என்னைக் கண்டவை. பிறகு ஆரும் தேடி வந்தாச் சொல்லலாமெல்லோ."

இறுதிச் சடங்குக்கு மெல்பர்னிலிருந்து காரிலேயே போனேன். சிட்னியின் பிளாக்டவுன் நெரிசலில் மாட்டிக்கொண்டேன். கிரவீனில் அவர்கள் தெருவுக்குள் திரும்பியபோது எதிரே அக்காவின் உடலைக் கொண்டுபோகும் வண்டி புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. அன்றுவரை வராத அந்த ஒற்றை விரல் அன்று மட்டும் தானாக உயர்ந்தது. பின்னால் வந்த காரிலிருந்து சுகன்யாவும் விரலை உயர்த்தினாள். காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஓவென்று அழுதேன்.

என் உயிரும், இப்போது உயரத்தில் என்னைத் தாண்டிவிட்ட என் மகளோடு நான் இருந்த இத்தனை வருஷங்களும் அக்கா தந்தவை. பொயிண்ட் குக்கில் நான் கை காட்டினால் பாதிப்பேர் முறைக்கிறார்கள். முறைக்கட்டும், நான் நிறுத்தப்போவதில்லை. தேவி என்றொருத்தி அந்த வழியில் போனாளா என்று எவர் வந்து கேட்டாலும் சொல்ல நான் இருக்கிறேன். உங்கள் பேச்சிலேயே சொல்வேன் அக்கா: ஓம், கண்டனான்.