பேச்சிக்கு ஒரு பாவாடை

தை பிறந்தால் அய்யம்மாள் ஒரு பாவாடை சட்டை எடுத்துவிடுவாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஆகிற அளவு. சாத்தூர் பஜாரில் அவள் வழக்கமாகப் போகும் துணிக்கடைக்காரருக்கு விசயம் தெரியும். ஒரு கேள்வி கேட்காமல் நாலு பாவாடையை எடுத்துப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

பாவாடை அவளுடைய மூத்த மகள் பேச்சிக்கு. பக்கத்து வீட்டில் கள்ளத்தனமாகச் சரவெடி பின்னிக்கொண்டிருந்தார்கள். அங்கே விளையாடப் போன பிள்ளை திரும்பி வரவில்லை. அதற்கு மேல் அய்யம்மாள் அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. நாமும் பேச வேண்டாம்.

கல்யாணம் ஆகாமல் போய்ச் சேர்ந்த பெண்பிள்ளை அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வம். ஓலைப்பெட்டி ஒன்றில் பாவாடை, சட்டை, வளையல், ரிப்பன் எல்லாம் வைத்து வீட்டு உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். தையில் பெட்டியை இறக்கிப் பொங்கல் வைத்துக் கும்பிட்டு, பழைய பாவாடையைத் தெருவில் அதே அளவுள்ள ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுப் புதுசை உள்ளே வைப்பார்கள். இது ஊர் வழக்கம். அய்யம்மாள் அதோடு தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருந்தாள். புதுப் பாவாடையை முதலில் இடுகாட்டுக்குக் கொண்டுபோய், பேச்சி படுத்திருக்கிற மண்ணில் விரித்து, "இந்தா, பிடிச்சிருக்கா பாரு" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவாள். பொம்பளைகள் அங்கே போகக் கூடாது என்று ஊரில் பேச்சு உண்டு. அதை அய்யம்மாளிடம் சொல்லத்தான் ஒருவனுக்கும் வாய் வரவில்லை.

ரோட்டை ஒட்டிய அந்த இடுகாட்டில் கல்லும் கிடையாது, பெயரும் கிடையாது. கருவ முள்ளுதான் மண்டிக் கிடந்தது. ஆனாலும் அவரவருக்கு ஓர் அடையாளம் இருந்தது. வளைந்த கருவைக்குக் கிழக்கே ஒருவருடைய அப்பன், கவட்டைக் கருவைக்கு அடியில் ஒருவருடைய பெண்டாட்டி. பேச்சியின் தலைமாட்டில் நின்ற கருவையில் அய்யம்மாள் வருசா வருசம் சிவப்பு ரிப்பன் கட்டி வந்தாள்.

நிலம் பட்டாப்படி சிவகாசிக்காரர் ஒருவருடையது. சீனிவாசகம் என்ற அந்தப் பெரியவர் தன் காலத்தில், "பொதைச்சுக்கோங்கப்பா" என்று வாய்வார்த்தையாக விட்டுக் கொடுத்திருந்தார். இப்போது அவருடைய பேரன் ஸ்ரீராம்குமார் அங்கே பெரிய கடை கட்டப் போவதாகச் சொல்லி அனுப்பினார். அரிசியிலிருந்து சேலை வரைக்கும் ஒரே கூரைக்கு அடியில், ஏசி போட்ட கடை. ஊரே சமுதாயக் கூடத்தில் கூடிவிட்டது.

முதலில் எழுந்தவர் மொக்கைச்சாமி. அவருக்குக் கோபம் வந்தால் துண்டு தோளில் நிற்காது.

"எங்கய்யா நெஞ்சு மேல ஏறி நின்னு நான் சோப்பு வாங்கணுமாக்கும்? அதுக்கு நான் அங்கனயே போயிப் படுத்துக்கிருவேன்லே!"

கூட்டம் ஆமாம் போட்டது. சிவபாண்டி எழுந்தான். பட்டாசு விபத்தில் அண்ணனைக் கொடுத்தவன்.

"செத்தவுகளுக்கு இடம் கேக்கீக, சரி. இருக்கிறவுக எங்கன போறது சித்தப்பா? இன்னும் எம்புட்டுப் பேர வெடிமருந்து ரூமுக்குள்ள அனுப்பப் போறீக?"

இப்போது யாரும் ஆமாம் போடவில்லை. அந்தக் கூடத்தில் விபத்து தொடாத வீடு ஒன்றுகூட இல்லை.

ஸ்ரீராம்குமார் நேரில் வந்திருந்தார். கெட்டவராக இருந்திருந்தால் ஊருக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும். மனிதர் கையைக் கட்டிக்கொண்டு எல்லாருடைய வசவையும் கேட்டார், அதுதான் சங்கடம். ஓடைக்கு மேற்கே அதே அளவு நிலம் தருவதாகச் சொன்னார், சுற்றுச்சுவர் எடுத்துத் தருவதாகச் சொன்னார். கடைசியில், "வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குக் கடையில வேலை தாறேன். இது என் வாக்கு" என்றார்.

இழுபறியாகவே போனது. ஊர்ப் பெரியவர் காசிராஜன் சுற்றிலும் பார்த்துவிட்டு அய்யம்மாளிடம் வந்து நின்றார்.

"ஏத்தா அய்யம்மா, அங்கன வருசம் தவறாம போறவ நீ ஒருத்திதான். நீ வேண்டாம்னா வேண்டாம். என்ன சொல்லுத?"

வேண்டாம் என்ற சொல் அய்யம்மாளுக்கு நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அன்று காலையில்தான் குழாயடியில் சின்ன மகள் பானுப்பிரியா குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பேசியிருந்தாள். பன்னிரண்டாவது முடித்தவள். அவளை அடுத்த வாரம் பட்டாசுக் கம்பெனியில் சேர்த்துவிட, லோடு ஏற்றுகிற அவளுடைய அப்பன் சுடலை ஆள் பார்த்து வைத்திருந்தான்.

"எம்மா, போகச் சொன்னா நான் போறேன். ஆனா எனக்குப் பயமா இருக்கு. அக்கா ஞாபகமாவே இருக்கு" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் அய்யம்மாள் அதட்டியிருப்பாள்.

ஒருத்தி மண்ணுக்குள்ளே, ஒருத்தி மண்ணுக்கு மேலே. இரண்டு பேரும் பெற்ற பிள்ளைகள்தான். அய்யம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"எம் மகளுக்கு வேலை குடுங்க. மூத்தவள நான் பிடிமண்ணா எடுத்துட்டுப் போயிக்கிருதேன்."

மொக்கைச்சாமி துண்டை உதறிவிட்டு வெளியே போனார். காரியம் முடிந்தது.

கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வந்து வேறொரு இடத்தில் சாமியை வைப்பது நம் பக்கத்தில் எல்லாரும் செய்கிறதுதான். சாமிக்குச் செல்லும் என்றால் செத்தவர்களுக்குச் செல்லாதா? அவரவர் ஆளின் இடத்தில் ஒரு பிடி மண் அள்ளிப் புது இடத்தில் சேர்ப்பது என்று நாள் குறித்தார்கள். முள்ளுக்குள் பெரியவர்கள் எப்படிப் போவார்கள் என்று ஒரு மகராசனுக்கு யோசனை வந்தது. ஸ்ரீராம்குமாரிடம் சொன்னார்கள், மறுநாளே ஜேசிபி வந்தது. ஊரே கூடி நின்று, "அந்தா அந்த மூலையிலயும் வழிச்சிருங்க" என்று கை காட்டி வேலை வாங்கியது. ஓசியில் முள் வெட்டுகிறார்கள் என்ற சந்தோசத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பிடிமண் எடுக்கச் சொம்போடு வந்து நின்றபோதுதான் உறைத்தது. வெறும் செம்மண் வெளி. வளைந்த கருவையும் இல்லை, கவட்டைக் கருவையும் இல்லை. யார் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அய்யம்மாள் சிவப்பு ரிப்பனைத் தேடி, வெட்டிக் குவித்த முள்ளையெல்லாம் கை கிழியக் கிழியக் கிளறினாள். கிடைக்கவில்லை. கடைசியில் கால் நின்ற இடத்தில் குனிந்து ஒரு பிடி அள்ளினாள். தன்னை நினைத்து அவளுக்கே ஆத்திரமாக வந்தது.

கடை எழும்பியது. பானுவுக்குத் துணிப் பிரிவில் வேலை கிடைத்தது. நாள் முழுக்க நின்று கால் வீங்கித்தான் வருவாள். ஆனாலும் சாப்பிட உட்காரும்போது அய்யம்மாள் மகளின் கையைப் பிடித்து மோந்து பார்ப்பாள். வெடிமருந்து வாடை இருக்காது. புதுத் துணி வாடைதான் அடிக்கும். அந்த ஒரு நிமிடம் வயிறு குளிர்ந்துவிடும். அப்புறம் அந்தத் துணி இருந்த இடம் நினைவுக்கு வந்து சோறு இறங்காது.

அடுத்த தையில் சாத்தூரில் பாவாடை எடுத்து, ஓடைக்கு மேற்கே போய் விரித்தாள். "பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள். முன்பெல்லாம் கேட்டதும் நெஞ்சுக்குள் ஏதோ நெகிழும். பிள்ளை வந்து மடியில் உட்கார்ந்தது போல இருக்கும். இப்போது ஒன்றுமே இல்லை. யாருடைய மண்ணை அள்ளி வந்தோமோ! மொக்கைச்சாமியின் அப்பா மண்ணாக இருந்தாலும் இருக்கும். மீசைக்கார மனிதர். பாவாடையைக் காட்டினால் எழுந்து வந்து ஏசுவார். நினைத்ததும் அய்யம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயோடு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எம் பிள்ளையைத் தனியா விட்டுட்டு வந்துட்டேனே, எம் பிள்ளையைத் தனியா விட்டுட்டேனே என்று மறுபடியும் மறுபடியும் அதையே சொல்லி அழுதாள்.

அந்த வருசம் முழுக்கப் பெரிய கடை இருந்த பக்கமே அவள் திரும்பவில்லை. அவள் வேலைக்குப் போகிற பட்டாசுக் கம்பெனி வேன் அதைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொள்வாள். ஆனால் பேச்சியைப் பற்றிய ஏக்கம் மட்டும் கூடிக்கொண்டே போனது. தெருவில் பழைய பாவாடை வாங்கின பிள்ளைகளெல்லாம் பெரியவர்களாகித் தாவணி போட்டுவிட்டார்கள். அவர்களைப் பார்க்கப் பார்க்க, அங்கே ஒருத்தி இன்னும் ஒன்பது வயதில் நின்றுகொண்டு அம்மா வருவாள் என்று பார்த்திருப்பாள் என்றே தோன்றியது.

இந்தத் தை பிறந்ததும் அய்யம்மாள் தலைக்குக் குளித்து, சாத்தூர் பஸ்ஸில் ஏறாமல், நேரே பெரிய கடைக்கு நடந்தாள். பானுவிடம்கூடச் சொல்லவில்லை.

வாசலில் நீலச் சட்டையும் தொப்பியுமாகக் காவலுக்கு நின்றவர் மொக்கைச்சாமி. வீட்டுக்கு ஒரு வேலை. அவருக்குப் பிள்ளை இல்லாததால் அவரே வந்துவிட்டார். அய்யம்மாள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள்.

"மதினி, செருப்போடயே போகலாம்" என்றார் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு.

"இருக்கட்டும் கொழுந்தனாரே."

"நானும் உள்ள போறப்ப கழட்டிட்டுத்தான் போவேன். சூப்பர்வைசர் ஏசுவான். ஏசிட்டுப் போறான்."

உள்ளே தரை பளபளவென்று சில்லிட்டுக் கிடந்தது. சோப்பு வரிசை, அரிசி மூட்டை, பிளாஸ்டிக் வாளி எல்லாவற்றையும் தாண்டி வெறுங்காலோடு மெதுவாக நடந்தாள். எங்கே என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் இந்தச் சுவருக்குள்தான் எங்கேயோ. அது போதும் என்று தோன்றியது. துணிப் பிரிவில் பானுவைக் காணவில்லை. வேறொரு பெண் நின்றாள், வெளியூர்க்காரி. அவள் காட்டியதில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப் பாவாடையை எடுத்துக்கொண்டு அய்யம்மாள் கீழே உட்கார்ந்தாள். தரையில் அதை விரித்து, ஓரங்களை நீவிவிட்டாள்.

"ஐயோ, கீழ போடாதீங்கம்மா, அழுக்காயிரும்" என்று அந்தப் பெண் பதறினாள். "அளவு சரியா இருக்குமான்னு பாக்கீங்களா? பாப்பாவக் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல? போட்டே பாத்திருக்கலாம்."

அய்யம்மாள் தரையைத் தடவிக்கொண்டே, "இங்கனதான் தாயி இருக்கா" என்றாள்.

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். அதற்குள் சாப்பிடப் போயிருந்த பானு வந்துவிட்டாள். கடைச் சீருடையோடு அம்மாவையும் தரையில் கிடந்த பாவாடையையும் பார்த்து நின்றாள். பிள்ளைக்கு வெட்கமாக இருக்குமோ என்று அய்யம்மாள் அவசரமாகப் பாவாடையைச் சுருட்டப் போனாள்.

பானு செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுருட்டின ஓரத்தைப் பிரித்து மறுபடியும் விரித்தாள்.

"அக்கா, பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.