முழங்கை வரைக்கும்

கணபதி பகுதியில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் மனைவியின் தையல் கடை. அளவு எழுதிய தாளோடு அந்தந்தத் துணியின் நறுக்கு ஒன்றைக் குண்டூசியால் குத்தி வைப்பாள். தாள்கள் எப்படிக் கலைந்தாலும் நறுக்கைப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடுவாள். நான் சும்மா இருந்திருக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் என்ற மிதப்பில் டேப்லெட்டில் ஒரு ஆப் செய்து கொடுத்தேன். திரையில் வரும் ஒரே ஒரு அட்டையை எழுதி லூப்பில், அதாவது அதையே திரும்பத் திரும்ப ஓட்டும் கட்டளையில், சுற்றவிட்டால், எத்தனை வாடிக்கையாளரோ அத்தனை அட்டை வந்து நிற்கும். ஒவ்வொன்றின் அடியிலும் அவள் குறிப்பு எழுத ஒரு பெட்டி.

வெள்ளகோவிலிலிருந்து ஒரு கல்யாணப் பெண் வந்தாள். முழங்கைக்கு மேலே பழைய தீக்காயத் தழும்பு. ரவிக்கையின் கை முழங்கை வரைக்கும் வேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள். மனைவி குறிப்பில் ஏற்றிக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து, அட்டையைப் பார்த்து வெட்டித் தைத்து முடித்த பிறகுதான் அந்தப் பெண் கேட்ட கை நீளம் மனைவிக்கு ஞாபகம் வந்தது. ரவிக்கை குட்டைக் கையோடு கிடந்தது. பட்டுப்புடவையோடு சேர்ந்து வந்த துணி, வேறு வாங்கவும் முடியாது. எனக்குத்தான் மூக்கு நுனியில் கோபமாயிற்றே. “எதையாச்சும் தொட்டுப்போட்டயா?” என்று எரிந்து விழுந்தேன். அவள் டேப்லெட்டை என் பக்கம் தள்ளினாள்.

அந்தப் பெண்ணின் அட்டையில் வேறு யாருடைய குறிப்போ இருந்தது. லூப்பில் ஒவ்வொரு அட்டைக்கும் அடையாளமாக நான் கொடுத்திருந்தது வெறும் வரிசை எண். முதலில் இருந்தவர் துணியை வாங்கிப் போனதும் மனைவி அந்த அட்டையை நீக்கியிருக்கிறாள். மற்ற அட்டைகள் ஒரு படி மேலே ஏற, குறிப்புகள் மட்டும் பழைய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டன. ஆபீசில் இதே தப்புக்காக எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! கூனிக்குறுகிப் போனேன்.

மறுநாள் பெண்ணை வரவழைத்து, குறிப்புகள் அட்டை மாறிப்போனதைச் சொல்லி, தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். புடவையில் இடுப்பில் செருகும் ஓரத்திலிருந்து ஒரு சாண் எடுத்துக் கையில் ஒட்டுப்போடலாமா என்று மனைவி கேட்டாள். பெண் தலையாட்டினாள். ஆனாலும் முகம் தெளியவில்லை.

“ஏனுங்கக்கா, அப்ப எனக்கு எழுதுன குறிப்பு வேற யாரோட அட்டைக்கோ போயிருக்குமுங்களே. அவங்க படிச்சிருப்பாங்களா?”

மனைவி கத்திரியைக் கீழே வைத்தாள்.

“தழும்புன்னு நான் எழுதவே இல்ல, கண்ணு. கை முழங்கை வரைக்கும்னு மட்டுந்தான் எழுதுனேன்.”

அதற்கப்புறம்தான் அந்தப் பெண் அழுதாள்.