ஜோசப்பின் டீச்சர் சொல்லாமல் விட்ட வாக்கியம்

இலங்கை மலைநாட்டில் ராகலைக்கு மேலேயிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், 1960ஆம் ஆண்டில், ஆங்கிலமும் தமிழும் ஒருங்கே அறிந்த பெண் ஒருவரே இருந்தார். தோட்டப் பாடசாலையின் ஆசிரியை ஜோசப்பின் அவர். வயது முப்பத்தாறு, திருமணம் ஆகவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவரின் மகளாகப் பிறந்து, கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்து, ஆசிரிய கலாசாலையில் பயிற்சி பெற்று, பிறந்த தோட்டத்துக்கே திரும்பி வந்தவர். தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களின் பெண்கள் அவரைக் கண்டால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு வழிவிடுவார்கள். அந்த மரியாதையை அவர் விரும்பினார். பின்னர் நேர்ந்ததற்கு அந்த விருப்பமே பாதிக் காரணம்.

அவ்வாண்டு தை மாதத்தில், பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடும் வழிகளைப் பெண்களுக்கு விளக்க லேடி டொக்டர் ஒருவர் வருகிறார் என்று தோட்டத்தை நடத்தும் பெரிய துரையிடமிருந்து செய்தி வந்தது. டொக்டருக்குச் சிங்களமும் ஆங்கிலமுமே தெரியும். தோட்டத்து மருத்துவச்சியின் இடமோ ஆறு மாதமாக வெறுமையாக இருந்தது. ஆகவே, டொக்டரின் பேச்சைத் தமிழில் சொல்லும் பொறுப்பு ஜோசப்பினிடம் வந்தது. மறுக்க ஒரு காரணம் தேடினார். துரைக்குச் சொல்லத்தக்கதாக எதுவும் அகப்படவில்லை.

லயங்களில் பேச்சு வேறுவிதமாக இருந்தது. "கவுருமெண்டுல நம்ம ஓட்டுரிமையத்தான் புடுங்கிட்டானுங்க. இனிமே நம்ம சாதிசனமே பெருகக் கூடாதுன்னு மாத்திரையோட வர்றானுங்க" என்றான் ஆண்டியப்பன். அவன் மனைவி பேச்சியம்மா அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஐந்து பெற்று இரண்டைப் புதைத்தவள் அவள். கடைசிப் பேற்றில் இரத்தம் நிற்காமல் போய், இன்னொன்று உண்டானால் உயிருக்கு உறுதியில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எப்படித் தடுப்பது என்பதை மட்டும் அங்கே ஒருவரும் சொல்லவில்லை. பப்பாளி விதை, எள்ளுக் கஷாயம் என்று பக்கத்துக் காம்பரா அறைகளில் குடியிருந்தவர்கள் சொன்னதையெல்லாம் அவள் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

குறித்த நாளில், கொழுந்து பறிக்கும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காமராவில் இருபது பெண்கள் கூடினார்கள். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வாசலில் நின்று பெயர்களைச் சரிபார்த்தார். பார்த்து முடிந்த பிறகும் அங்கேயே நின்றார்.

டொக்டர் ஒரு சித்திரத் துணியை விரித்து மாதவிலக்குக் கணக்கைச் சொன்னார். பிள்ளைகளுக்கிடையே இடைவெளி வேண்டியதைச் சொன்னார். ஜோசப்பின் ஒன்றுவிடாமல் தமிழாக்கினார். பிறகு டொக்டர் தகரக் குழலிலிருந்து ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்துக் காட்டினார். சேர்க்கைக்குப் பத்து நிமிடத்துக்கு முன் அதைப் பெண்ணின் உறுப்புக்குள் வைக்கவேண்டும். அது அங்கே நுரைத்து விந்தணுவைத் தடுக்கும். இரண்டே வாக்கியம்.

ஜோசப்பின் சொற்களைத் தேடினார். கலாசாலையில் படித்த சொற்கள் இந்தப் பெண்களுக்கு விளங்கா. விளங்கும் சொற்களையோ பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் சண்டை மூளும்போது மட்டுமே அவர் கேட்டிருக்கிறார். வாசலில் கணக்கப்பிள்ளை. எதிரே, தம்மிடம் படிக்கும் பிள்ளைகளின் தாய்மார். கலியாணமாகாதவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நாளைக்குப் பீலியடியில் கேட்பார்களே!

"படுக்கப் போறதுக்கு முன்னால ஒண்ணு எடுத்துக்கணும்" என்றார்.

"அந்த விபரத்தைச் சொல்லிவிட்டீர்களா?" என்று டொக்டர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"சொல்லிவிட்டேன்."

தனியாக இருக்கும்போது பெண்களில் எவளாவது கேட்பாள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் தம்மைத் தேற்றிக்கொண்டார். எவளும் கேட்கவில்லை. கேட்க அவர்களுக்கு ஒன்றுமில்லை. தோட்டத்தில் மருந்து என்றால் விழுங்குவதுதான். பூச்சி மருந்து கொடுக்கும் நாளில், வேலை பிரித்துக்கொடுக்கும் காலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்தி, கணக்கப்பிள்ளையின் கண்முன்னே குடிக்கவைத்து, வாயைத் திறந்துகாட்டச் சொல்லி, அதன் பிறகே மலைக்கு அனுப்புவார்கள். அப்படிப் பழகியவர்கள், டொக்டர் ஆளுக்கொரு குழலாகக் கொடுத்துப்போன அந்த வெள்ளை மாத்திரையையும் தேத்தண்ணீரோடு விழுங்கினார்கள்.

மூன்று மாதம் கழித்து டொக்டர் மறுபடி வந்தார். பெண்கள் கூடியதும் பேச்சியம்மா முன்னால் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"டீச்சர், நான் தலைக்குக் குளிச்சு ரெண்டு மாசம் தாண்டிருச்சு. ஒரு நாள் தவறாம முழுங்குனேங்க. கொமட்டுனாலும் துப்பல."

"எனக்கும் கொமட்டத்தான் செஞ்சிச்சு" என்றாள் பின்னாலிருந்த அம்மாக்கண்ணு. "சவுக்காரத்தத் தின்னாப்புல நொரை நொரையா ஏப்பம். எங்க வீட்டுக்காரரு, என்னாடி கள்ளு குடிச்சியான்னு கேட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள்.

டொக்டர் விளக்கம் கேட்டார். விழுங்கியிருக்கிறார்கள் என்று ஜோசப்பின் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நீங்கள் அன்றைக்குத் தெளிவாகச் சொன்னீர்கள் அல்லவா?"

"சொன்னேன் டொக்டர். இவர்கள் கவனிக்கவில்லை."

ஆங்கிலத்தில் சொன்ன பொய். அறையிலிருந்த பெண்களில் ஒருத்திக்கும் அது விளங்கவில்லை. அவர் மீது குற்றம் சுமத்த அங்கே யாருமில்லை.

டொக்டர் மாத்திரைக் குழல்களைப் பெட்டிக்குள் திரும்ப அடுக்கத் தொடங்கினார். "சொல்லியும் கேளாதவர்கள் கையில் மருந்தைக் கொடுப்பது ஆபத்து. இந்தத் தோட்டத்தில் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவர்களிடம் அப்படியே சொல்லுங்கள்."

ஜோசப்பின் பெண்கள் பக்கம் திரும்பினார். "நாங்க சொன்னத நீங்க சரியாக் கேக்கலன்னு டொக்டர் சொல்றாங்க. இனிமே மாத்திரை கெடையாதாம்."

பேச்சியம்மா மெல்லக் கேட்டாள்: "என்னா சொன்னீங்க, நாங்க என்னா கேக்கல? படுக்கப் போறதுக்கு முன்னால ஒண்ணு எடுத்துக்கணும்னீங்க. அப்படித்தானே செஞ்சேன்? அத டொக்டரம்மாகிட்ட சொல்லுங்க டீச்சர். நான் சொல் கேக்காதவ இல்லைங்க. எனக்கு உசுருக்குப் பயம் இருக்கு, கேக்காம இருப்பேனா?"

"என்ன சொல்கிறாள்?" என்றார் டொக்டர்.

ஜோசப்பின் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். மறந்துவிட்டாளாம் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இருபது பெண்களும் மலைக்குத் திரும்பிவிடுவார்கள். பப்பாளி விதைக்கும் திரும்பிவிடுவார்கள். அந்த வாக்கியம் நாக்கின் நுனி வரை வந்தது. பேச்சியம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆங்கிலம் விளங்கிவிடும் என்பதுபோல.

"நான் சொல்லவில்லை, டொக்டர். சொல்ல வெட்கப்பட்டேன். இப்போது உங்களிடம் சொன்னதும் பொய்" என்றார் ஆங்கிலத்தில். பிறகு, யாரும் கேளாமலே, அதைத் தமிழிலும் சொன்னார். "தப்பு ஒங்க மேல இல்ல. எம்மேல. மாத்திரைய எங்க வைக்கணும்னு டொக்டர் அன்னைக்கே சொன்னாங்க. நான்தான் ஒங்களுக்குச் சொல்லாம விட்டேன்."

டொக்டர் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடிந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று ஜோசப்பினுக்குத் தோன்றியது. "அப்படியானால் இப்போது சொல்லுங்கள்" என்றார் டொக்டர்.

முதலில், இம்முறையும் வாசலில் நின்ற கணக்கப்பிள்ளையை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார் ஜோசப்பின். பிறகு, "அதைக் கருப்பையின் வாயருகே..." என்று தொடங்கினார்.

"அது எங்கிட்டு இருக்கு டீச்சர்? நுவரெலியா போற வழியிலயா?" என்றாள் அம்மாக்கண்ணு.

சிரிப்பு அடங்கும்வரை ஜோசப்பின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேச்சியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "புள்ள வர்ற வழியிலயா வைக்கணும்?" என்று கேட்டாள்.

இவ்வளவு எளிய, மானமான சொற்கள் இருந்திருக்கின்றன. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவருக்கு அவை தோன்றவில்லை. "ஆமா. புள்ள வர்ற வழியில. வாயில இல்ல" என்றார். அதையே மூன்று முறை சொன்னார். விரல் எவ்வளவு உள்ளே போகவேண்டும், எத்தனை நிமிடம் பொறுக்கவேண்டும் என்பதையும் சொன்னார். காதுமடல் நெருப்பாகச் சுட்டது. பத்தொன்பது பெண்கள் மாத்திரைக் குழலோடு போனார்கள். பேச்சியம்மாவுக்கு டொக்டர் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

ஐப்பசி மழையில் பேச்சியம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஊசி வழியே இரண்டு போத்தல் இரத்தம் ஏற்றித்தான் தாயைக் காப்பாற்றினார்கள். உயிர் தங்கியது, உடம்பு தங்கவில்லை. கூடையைச் சுமந்து மலையேற அவளால் அதன்பிறகு முடியவில்லை. கொழுந்து பறிப்போர் பேர்ப்பட்டியலிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள்.

ஜோசப்பின் இரண்டு டின் பால்மாவோடு லயத்துக்குப் போனார். பேச்சியம்மா அடுப்பருகே சாக்கில் படுத்திருந்தாள். எழ முயன்றவளை வேண்டாமென்று தடுத்து, அவளருகே தரையில் உட்கார்ந்தார். ஆசிரியை ஒருவர் அந்தக் காம்பராவில் தரையில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை.

"என்னை மன்னிச்சிருங்க பேச்சியம்மா."

பேச்சியம்மா குழந்தையின் போர்வையை இழுத்துவிட்டாள். கோபமும் இல்லை, கனிவும் இல்லை.

"அது என்னாத்துக்கு டீச்சர்? நான் மன்னிச்சா மலைக்குப் போயிருவேனா?" என்றாள். பிறகு சொன்னாள்: "எங்க தங்கச்சி பூரணிய இந்தத் தோட்டத்துலதான் கட்டிக் குடுத்திருக்கோம். அவளுக்கும் மூணாயிருச்சு. டொக்டரம்மா வர்ற அன்னைக்கு வரச் சொல்லியிருக்கேன். அவ ரொம்ப வெக்கப்படுவா, வாயத் தொறந்து கேக்கமாட்டா."

"கேக்க வேண்டியதில்ல. நானே சொல்றேன்."

"எங்கிட்ட இப்பச் சொல்லிக் காட்டுங்க" என்றாள் பேச்சியம்மா.

வாசலில் ஆண்டியப்பன் விறகு பிளந்துகொண்டிருந்தான். அவனுக்குக் கேட்கும் என்பது ஜோசப்பினுக்குத் தெரியும். மாத்திரையைப் பற்றி டொக்டர் சொன்ன முதல் வாக்கியத்திலிருந்து தொடங்கினார். பாதியில் கோடரிச் சத்தம் நின்றது. முகமெல்லாம் சுட, குரலைத் தாழ்த்தாமல் கடைசி வரை சொல்லி முடித்தார்.