மூன்று மணிக்கு மெலியும் புகை

எட்டு வயது மகளின் தலையில் கைவைத்து, இனி சிகரெட்டைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவன் நான். மனைவிதான் செய்யச் சொன்னாள். குழந்தைக்கு வீசிங். சத்தியத்தை மீறினால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று, படித்த எனக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

சத்தியம் சிகரெட்டுக்குத்தானே? பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்ட் பால்கனியில் உட்கார்ந்து நானே ஒரு வேப் செய்தேன். மரப்பெட்டி, பழைய லேப்டாப்பிலிருந்து உருவிய பேட்டரி, ஒரு பட்டன், நிகோடின் திரவத்தை ஆவியாக்க ஒரு கம்பிச் சுருள். கடையில் விற்பதில் மின்சாரத்தைச் சீராக வைக்க சர்க்யூட் இருக்கும். எலக்ட்ரிகல் படித்தவனுக்கு அதெல்லாம் எதற்கு என்ற திமிர். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

காலையில் முழு சார்ஜில் இழுத்தால் நெஞ்சு நிறையும். மூன்று மணிக்குப் பேருக்குத்தான் புகை. மீட்டர் வைத்துப் பார்த்தால் பேட்டரி சமர்த்தாக மூன்று புள்ளி ஏழு வோல்ட் காட்டும். சும்மா இருக்கும்போது காட்டுகிற சமர்த்து அது. பட்டனை அழுத்தினால் மூன்றுக்குக் கீழே சரிந்துவிடும். வோல்ட் கால்வாசி குறைந்தால் சுருளின் சூடு ஏறக்குறைய பாதியாகிவிடும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். புத்தி வந்ததா? சூடு கூடட்டும் என்று மின்தடை குறைந்த சுருளை மாட்டினேன். அது பேட்டரியை இன்னும் வேகமாக உறிஞ்சியது. பாக்கெட்டில் தொடை சுட்டது, மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது.

அந்த வியாழக்கிழமை பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலைவிட்டு இறங்கும்போதே கை வேப்பைத் தேடியது. பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து பத்துத் தடவை அழுத்தினேன். ஆவியாகாத திரவம்தான் கசப்பாக நாக்கில் தெறித்தது. நேராக பெட்ரோல் போடும் கேஸ் ஸ்டேஷன் கடைக்குப் போனேன். ஒன்றே ஒன்று என்று சிகரெட் பாக்கெட்டைப் பிரித்து மூன்று பிடித்தேன். மூன்றாவதில் அழுகை வந்துவிட்டது. வாயைக் கொப்பளித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மகள் சோபாவில் சுருண்டு கிடந்தாள். மூச்சு இரைத்தது.

"ஸ்கூல்ல இருந்து கால் பண்ணாங்க, நான்தான் போய் பிக்கப் பண்ணேன்" என்றாள் மனைவி. "தலைய தொட்டுப் பாருங்க, எப்படிக் கொதிக்குது."

காய்ச்சல் கிருமியால் வருவது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கை எழவில்லை. "அப்பா, கம் சிட்" என்று மகள் நகர்ந்து இடம் கொடுத்தாள். ஐயோ, அந்த இடத்தில் என்னால் உட்காரக்கூட முடியவில்லை.

மனைவி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிடிச்சீங்களா?"

"பேட்டரி இறங்கிடுச்சும்மா. வோல்டேஜ் ட்ராப் ஆகி..."

"பேட்டரி தலைலயா கைய வெச்சு சத்தியம் பண்ணீங்க?"